முகபாவத்துக்கு நூறு மதிப்பெண்

அலுவலகக் கேன்டீனை யார் நடத்துவது என்பதை இத்தனை காலமும் விதிகள்தான் முடிவு செய்துவந்தன. இந்த வருடம் அதை ஒரு ஜப்பான் கார்ட்டூன் முடிவு செய்தது.

கோயம்புத்தூரில் அளவுகோல் சரிபார்ப்பு அலுவலகம் என்று ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் அதிகாரி சசிதர் முதுகுவலி என்று மூன்று நாள் விடுப்பு எடுத்து, மகள் தேஜஸ்ரீயோடு சோபாவில் உட்கார்ந்து, சமையல் போட்டி பற்றிய ஜப்பான் கார்ட்டூன் ஒன்றை எழுபது பகுதி பார்த்துத் தீர்த்தார். அதில் பள்ளிப் பிள்ளைகள் கரண்டியும் கையுமாகச் சண்டை போடுகிறார்கள். தோற்றவன் பள்ளியை விட்டே போகவேண்டும். நடுவர் ஒரு வாய் வைத்ததும் கண்ணீர் விடுகிறார், மேகத்துக்கு மேலே மிதக்கிறார், பூமழை பொழிகிறது. நான்காம் நாள் சசிதருக்கு முதுகு சரியாகிவிட்டது. அன்றே சுற்றறிக்கை வந்தது.

"மேற்படி சிற்றுண்டிச்சாலையை நடத்தும் உரிமை இனி போட்டிச் சமையல் வாயிலாகவே வழங்கப்படும். உணவின் தரம், உண்பவரின் முகபாவத்தை மட்டுமே கொண்டு அளவிடப்படும். தோற்றவர் அன்றைய தினமே வளாகத்தைவிட்டு வெளியேறுதல் வேண்டும்."

அங்கே பத்தொன்பது வருடமாகச் சமைத்துக்கொண்டிருந்தவள் மாசாணியம்மாள். தினமும் காரமடையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அடுப்பு மூட்டுகிறவள். பாவம், இடிந்துபோவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கோ உள்ளூரச் சந்தோஷம். மகள் லோகப்பிரியாவின் போனில் அவளும் அந்தக் கார்ட்டூனைப் பார்த்திருந்தாள்.

குறையெல்லாம் அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஒரு முட்டையை உடைப்பதற்கு அரைமணி நேரம் விளக்கம் சொல்கிறார்களே, அதற்குள் ரசம் ஆறிப்போகாதா? எழுபது பகுதியில் ஒரு ஆள்கூடப் பாத்திரம் கழுவவில்லை. கதாநாயகப் பையன் தோற்கமாட்டான் என்பது முதல் நாளே தெரிந்துபோகிறது. இருந்தாலும் என்ன, அங்கே தின்றவன் வாயைத் திறந்து சொல்கிறான். அந்த இடம் வரும்போதெல்லாம் மாசாணியம்மாள் போனை நிறுத்தி, இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பாள். பத்தொன்பது வருடத்தில் அவள் சோற்றைத் தின்றுவிட்டு யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. கேன்டீன் கையைவிட்டுப் போனால் கஷ்டம்தான். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்.

போட்டிக்கு நான்காவது நிபந்தனை ஒன்று இருந்தது. கார்ட்டூனில் வரும் சமையல்காரர்கள் எல்லோருக்கும் ஒரு சோகக் கதை உண்டு. ஆகவே விண்ணப்பதாரர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் சோகப் பின்னணிச் சான்று பெற்று இணைக்கவேண்டும். மாசாணியம்மாள் போய் நின்றாள். கிராம நிர்வாக அலுவலர் ஷாநவாஸ் நல்ல மனுசன், எப்படியாவது கொடுத்துவிடத்தான் பார்த்தார்.

"அம்மா சின்ன வயசுலயே தவறிட்டாங்களா?"

"ஊட்டுலதானுங்க இருக்காங்க. டிவி பாத்துக்கிட்டு."

"அப்பா உங்களைத் தனியா உட்டுப்போட்டு எங்கியாச்சும் போனாரா?"

"சந்தைக்குப் போவாருங்க. பொழுதோட வந்துருவாரு."

ஷாநவாஸ் பெருமூச்சு விட்டபடி எழுதினார்: "விண்ணப்பதாரருக்குக் குறிப்பிடத்தக்க சோகம் ஏதுமில்லை என விசாரணையில் தெரியவருகிறது." அதற்குப் பத்து மதிப்பெண் கழித்தார்கள்.

போட்டியில் அவளுக்கு எதிராக நின்றவன் சுரேந்தர். எம்.பி.ஏ. படித்துவிட்டு அவிநாசி ரோட்டில் 'உணவு அனுபவக் கூடம்' நடத்துகிறவன். அங்கே சாப்பாடு என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள், அனுபவம் என்றுதான் கேட்கவேண்டும். அவன் மூன்று சோகத்துக்குச் சான்று வைத்திருந்தான், மூன்றும் நகலோடு.

போட்டிக்கு முதல் நாள் சூப்பிரண்டு கந்தப்பனுக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம் வந்தது. மேலதிகாரியைவிடக் கீழே இருப்பவர் அதிகமாக ரசித்துவிட்டால் அது ஒழுங்கீனம் ஆகாதா? மாலைக்குள் தெளிவுரை வந்தது. இளநிலை உதவியாளர் புருவம் உயர்த்தலாம். உதவியாளர் 'ஆகா' எனலாம். சூப்பிரண்டு ஒரு கண்ணில் மட்டும் நீர் விடலாம். மேகத்தில் மிதப்பது அதிகாரிக்கு மட்டுமே உரியது. அதிகாரியின் முகம் மாறும்வரை வேறு யார் முகமும் மாறக்கூடாது.

மாசாணியம்மாள் அரிசியும்பருப்புச் சோறு செய்திருந்தாள். நெய் ஊற்றினாள், ஓரத்தில் கத்திரிக்காய், கிண்ணத்தில் ரசம். சசிதர் ஒரு வாய் வைத்தார். குனிந்த தலை நிமிரவில்லை. இன்னொரு கரண்டி வேண்டும் என்று கை மட்டும் நீண்டது. அதைப் பார்த்து முப்பத்தெட்டு கைகளும் நீண்டன. கால்மணி நேரம் ஹாலில் சாப்பிடுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. அண்டா வழித்துத் துடைத்த மாதிரி காலியானது. மாசாணியம்மாள் கரண்டியும் கையுமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகங்கள் எல்லாம் தட்டுக்குள் இருந்தன.

கந்தப்பன் படிவத்தில் எழுதினார்: "முகபாவம்: காணக் கிடைக்கவில்லை. மதிப்பெண்: சுழி."

அடுத்து சுரேந்தர். ராகிக் களி உருண்டைமேல் வசாபி என்கிற ஜப்பான் பச்சை விழுதை அப்பி, கண்ணாடிக் குடுவைக்குள் புகைபோட்டு மூடி, இருபது நிமிடம் தத்துவம் பேசினான். அப்புறம் குடுவையைத் திறந்தான். சசிதர் ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். காரம் மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறியது. இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். எழுந்தார், மேசையை அறைந்தார், விரித்திருந்த பவானி ஜமக்காளத்தில் மல்லாந்து சாய்ந்தார். மற்றவர்கள் வாயில் வைக்காமலே, அவரவர் தகுதிக்கு உட்பட்டு, புருவம் உயர்த்தினார்கள், ஆகா என்றார்கள், கந்தப்பன் இடது கண்ணில் அழுதார். நூற்றுக்கு நூறு.

அன்று சாயங்காலமே கந்தப்பன் ஒரு தாளோடு வந்தார். மாசாணியம்மாள் தன் சொந்த விருப்பத்தின் பேரில் வெளியேறுகிறாள் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"சூப்பிரண்டுங்க, பத்தொம்பது வருசம் தின்னீங்க. எப்படீங்க இருந்துச்சு? சும்மா வாயில சொல்லிப்போடுங்க, போதும்."

கந்தப்பன் வாயைத் திறந்தார். அப்புறம் அதிகாரியின் அறைப் பக்கம் பார்த்தார்.

"அதுக்கு ஐயா மொதல்ல சொல்லோணுமுங்க, அம்மணி."

திங்கட்கிழமை அவள் அலுவலக வாசலுக்கு எதிர்ப்பக்கம் தள்ளுவண்டி போட்டாள். உள்ளே சுரேந்தர் புகையை விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். புதன்கிழமைக்குள் அலுவலகமே ரோட்டோரம் நின்று தின்றது. கேன்டீனில் கூட்ட நெரிசல் முற்றிலும் நீங்கியதாக மேலிடத்துக்கு அறிக்கை போனது, சுரேந்தருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

வெள்ளிக்கிழமை சசிதரே வந்தார். வரிசை விலகி வழிவிட்டது. மூன்று முறை வாங்கித் தின்றார், ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார், கை கழுவினார். எல்லோரும் தட்டோடு அப்படியே நின்றார்கள். மாசாணியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்தார்.

"ரசத்துல உப்பு கொஞ்சம் கம்மிங்க."

"கம்மிதானுங்க," என்றார் கந்தப்பன். "கொஞ்சூண்டு கம்மிங்க," என்றார் உதவியாளர். "லேசாத்தானுங்க," என்றார் இளநிலை. பதவி வரிசைப்படி வாட்ச்மேன் வரைக்கும் ஒருவர் விடாமல் சொன்னார்கள். யாரும் மேலே இருப்பவரைவிடக் கூடுதலாகக் குறை சொல்லவில்லை.

பஸ்ஸில் காரமடை வரும்வரை மாசாணியம்மாள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தொன்பது பேர். அத்தனை பேரும் அவள் முகத்தைப் பார்த்து, வாய் திறந்து, அவள் ரசத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அவள் ரசத்தில் உப்பை இன்னும் ஒரு சிட்டிகை குறைத்துப் போட்டாள்.