டெஸ்ட்மெயில் அண்ணாச்சி

கம்ப்யூட்டரைத் திட்டாமல் ரிப்பேர் செய்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவரும் தாராவியில் இருக்கிறார். அவருடைய நிஜப் பெயர் எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. டெஸ்ட்மெயில் அண்ணாச்சி என்றால்தான் தெரியும்.

அப்போது எங்கள் ஆபீஸ் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம், ஒரு பூக்கடைக்கு மேலே இருந்தது. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் கப்பலில் இடம் பிடித்துத் தருவது தொழில். முதலாளி மணி சார், டாக்குமென்ட் பார்க்கும் செல்வி, நான். மூன்று பேருக்கு மூன்று கம்ப்யூட்டர் உண்டு. மெயில் ஐடி மட்டும் ஒன்றுதான். பொதுக்குழாய் மாதிரி யார் வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம்.

அண்ணாச்சி தாராவியிலிருந்து நடந்தே வருவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். ஸ்க்ரூடிரைவரைத் தொட மாட்டார். "இது கடைசியா எப்ப சந்தோசமா இருந்துச்சு?" என்று எங்களைக் கேட்பார். பிறகு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே மழை பெய்யும். கீழேயிருந்து மல்லிகை வாசனை படியேறி வரும். சர்க்கிளைச் சுற்றிச் சிவப்பு பஸ்கள் மெதுவாக வளைந்துகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்குக் கண் சொருகும். பாதி நாள் கம்ப்யூட்டர் தானாகச் சரியாகிவிடும். மீதி நாள் அவரை எதற்குக் கூப்பிட்டோம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருக்கும்.

ரிப்பேர் முடிந்ததும் மெயில் போகிறதா என்று பார்க்க ஊரில் எல்லாரும் 'டெஸ்ட்' என்று ஒரு வார்த்தை அடித்து அனுப்புவார்கள். அண்ணாச்சி அப்படி அனுப்ப மாட்டார். 'சர்க்கிளில் மழை. பூக்கடைப் பந்தலுக்கடியில் ஒரு நாயும் ஒரு போலீஸ்காரரும் நிற்கிறார்கள். நாய்க்குத்தான் இடம் அதிகம்' என்று எழுதுவார்.

"எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு?" என்று கேட்டேன்.

"வெறும் டெஸ்டுன்னு எழுதினா, அம்புட்டு தூரம் போவணும்னு மெயிலுக்குத் தோணுமா சார்?"

ஒருமுறை அந்த நாயும் போலீஸ்காரரும் கைதவறி ராட்டர்டாமில் இருக்கும் பார்ட்டிக்குப் போய்விட்டார்கள். மணி சார் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பதில் வந்தது. அந்த ஆள் எப்படியோ மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார். 'இங்கேயும் மழைதான். நாய் நனையவில்லையே?' என்று கேட்டு, கூடவே இரண்டு கண்டெய்னருக்கு புக்கிங்கும் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து மணி சார் அண்ணாச்சியின் இலக்கியத்தில் தலையிடுவதை விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் மூன்றுக்கும் புது சிஸ்டம் போடவேண்டி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அண்ணாச்சியே போட்டார். அதோடு மெயிலின் பாஸ்வேர்டையும் மாற்றினார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வினை ஆரம்பித்தது. மெயில் வரும், நிற்கும். திரையில் ஒரு அறிவிப்பு வரும்: 'தவறான பாஸ்வேர்ட் பலமுறை போடப்பட்டது. கணக்கு பூட்டப்பட்டுள்ளது.' அண்ணாச்சி திறந்துவிடுவார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் பூட்டு.

"அரே அண்ணாச்சி, ஃபிர் ஸே போயிடுச்சு!" என்று செல்வி கத்துவாள். தாராவியில் பிறந்த பெண். அவசரம் வந்தால் தமிழும் இந்தியும் ஒரே மூச்சில் வரும்.

யார் தப்பாக அடிக்கிறார்கள் என்று விசாரணை நடந்தது. மணி சாரின் விரல் தடிமன் என்று செல்வி சொன்னாள். மணி சார் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியை மாற்றினேன். மூன்று பேரும் கீபோர்டைத் தொடவே கூடாது என்று அண்ணாச்சி ஒரு மணி நேரம் எங்களைக் கைகட்டி உட்காரவைத்தார். அப்போதும் பூட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மட்டும் அதிசயம் நடந்தது. எங்கள் ஆபீஸில் வெள்ளிதோறும் பூஜை உண்டு. கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம், குங்குமம், ஆளுக்கு ஒரு முழம் பூ. அன்றைக்கு நாள் முழுக்க மெயில் பதவிசாக வந்தது. "பூஜையாலதான்!" என்றாள் செல்வி. சரி என்று சனிக்கிழமையும் பூ வைத்தோம், பூட்டிக்கொண்டது. மறுவாரம் தினமும் வைத்தோம். பூக்கடைக்காரர் எங்களைக் கண்டாலே எழுந்து நிற்க ஆரம்பித்தார். மெயில் மட்டும் வெள்ளிக்கிழமைதான் வந்தது.

அந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை மணி சார் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, பார்ட்டியெல்லாம் கத்தறா. கப்பல் நமக்காகக் காத்துண்டிருக்காது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். சரியாகலைன்னா அந்தேரி கம்பெனிக்குக் குடுத்துடுவேன். எனக்கு வேற வழி தெரியலை."

அண்ணாச்சி தலையாட்டினார். மற்ற ஆபீஸ்களெல்லாம் ஏற்கெனவே கழுத்தில் கார்டு தொங்கும் பையன்களுக்கு மாறிவிட்டன. அவருக்கென்று மிச்சம் இருந்தது எங்கள் ஆபீஸ் ஒன்றுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை மெயில் பூட்டிக்கொண்டது. அண்ணாச்சி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நானே தாராவிக்குப் போனேன்.

கீழே பை தைக்கும் பட்டறை, மேலே அவர் அறை. இரும்பு ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கட்டையில் ஒரு கீறல் விழுந்த டச் போன் இருந்தது. நான் என்றைக்கோ வேண்டாமென்று அவரிடம் கொடுத்தது. அதன் முன்னால் கன்னத்தில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். இதுலயும் வரமாட்டேங்கி. அதே நோய்தான். ரெண்டு வாரமா இதுவும் தானா தட்டிக்கிட்டே இருக்கு, தொறக்க மாட்டேங்கி."

"எது அண்ணாச்சி?"

"நம்ம ஆபீஸ் மெயிலுதான்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கீழே தையல் மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. "இந்த போனுக்கு நெட் எங்கேருந்து வருது?" என்றேன்.

"பட்டறை வைஃபைதான். நாந்தான அவங்களுக்கு மாட்டிக் குடுத்தேன்."

"பட்டறைக்கு என்னைக்கு லீவு?"

"வெள்ளிக்கெழம. கரண்டையே அணைச்சிட்டுப் போயிருவாவ."

சொன்னபிறகுதான் அவருக்கும் புரிந்தது. பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு அந்த போன் விடாமல் கதவைத் தட்டியிருக்கிறது. யாரோ திருடன் என்று நினைத்து மெயில்காரன் பூட்டியிருக்கிறான். இவர் ஆபீஸில் திறக்கத் திறக்க, இவர் போனே இங்கிருந்து பூட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்ப நாந்தான் கள்ளனா சார்?" என்றார்.

"ஆபீஸ் மெயில் இதுல எதுக்கு அண்ணாச்சி?"

போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னார். "ராத்திரி படிப்பேன் சார். வேற ஒண்ணுக்குமில்ல. ராட்டர்டாம், மொம்பாசா, எங்கெங்க இருந்தோ வருது. எல்லா மெயிலும் 'நீங்க நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன்'னுதான ஆரம்பிக்கி? எனக்கில்லன்னு தெரியும். இருந்தாலும் படுக்கப் போறப்ப யாராச்சும் கேட்டா நல்லாத்தான் இருக்கு."

அந்த வரியை நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடிக்கிறேன். ஒரு தடவைகூட அதைப் படித்ததில்லை.

போனிலிருந்து ஆபீஸ் கணக்கை அவர் கையாலேயே எடுத்தார். அன்று சாயங்காலம் வரை மெயில் ஒருமுறைகூடப் பூட்டிக்கொள்ளவில்லை. மணி சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"என்னதான் கோளாறு?"

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பழைய பாஸ்வேர்டு ஒரு பழைய மெஷின்ல இருந்திருக்கு சார். எடுத்தாச்சு."

"எங்கே இருந்தது அந்த மெஷின்?"

"பரண்ல சார்."

எங்கள் ஆபீஸில் பரணே கிடையாது. மணி சார் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியின் செருப்பில்லாத காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி. அந்தப் பரணுக்குத் தனியா ஒரு ஐடி போட்டுக் குடுத்துடுங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது நான் நவி மும்பையில், சான்பாடாவில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் முதல் வேலையாக அண்ணாச்சிக்கு ஒரு டெஸ்ட் மெயில் அனுப்புகிறேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று ஆரம்பித்து, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறதோ அதை எழுதுவேன். மதியத்துக்குள் பதில் வந்துவிடும், நாய், மழை, சமயத்தில் முந்தின ராத்திரி பார்த்த நிலா என்று.

வெள்ளிக்கிழமை மட்டும் வராது. பட்டறைக்கு லீவு, வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்றைக்குத்தான் பெட்டியை அதிக தடவை திறந்து பார்க்கிறேன்.