மூக்கு நிழல்

அப்பாவின் மூக்கு நிழல் மேலுதட்டில் மீசையாக விழுந்து, நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது.

“லைட்டை ஒசத்து” என்றாள் டைரக்டர். கூடப் படிப்பவள்தான், அவள் வீட்டு மாடியில்தான் எடுக்கிறார்கள். படப்பிடிப்பு முடியும்வரை எல்லோருக்கும் மேடம்.

லைட் பொறுப்பு பல்புக்கு. கல்லூரியில் அவனை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்க்ரிப்டில் அவன் படிப்பது ‘பகல், உள்ளே, ஜன்னலோரம்’ என்கிற தலைப்பு வரியை மட்டும்தான். லைட்காரனுக்கு அது போதும் என்பது அவன் கொள்கை.

நடிக்க ஒப்புக்கொண்ட பெரியவர் காலையில் போனை அணைத்துவிட்டார். மேடம் பல்பைக் கேட்காமலே அவன் அம்மாவுக்குப் போன் போட, அம்மா அப்பாவை அனுப்பிவைத்துவிட்டாள்.

அதுதான் வம்பு. வேலையை விட்டுவிட்டுச் சினிமா படிக்கப் போகிறேன் என்று பல்பு சொன்ன அன்று, “அப்போ இந்த வீட்டுல இருக்காதே” என்றவர் அப்பா. அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. இன்று எப்படியாவது நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசிவிட வேண்டும், முதலில் இந்த லைட் முடியட்டும் என்று இருந்தான் பல்பு.

லைட்டை உயர்த்தினான். மீசை போயிற்று. மூக்குக் கண்ணாடியில் இரண்டு லைட் முளைத்தன. கண்ணாடியைக் கழற்றச் சொன்னான். அப்பா கேமரா ஸ்டாண்டைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி” என்றார்.

வெளிச்சத்தை மென்மையாக்க மேடத்தின் படுக்கை விரிப்பை லைட்டின் முன் கட்டினான். கருகல் வாடை வந்தது.

“ஐயோ, என் பெட்ஷீட்டு!”

விரிப்பைப் பிடுங்கினதில் லைட் சாய, கேமராக்காரன் தாவிப் பிடிக்க, அவன் கால் வயரில் மாட்ட, பட்டென்று வீடே இருண்டது.

“வயரை மிதிச்சது அவன்!”

“லைட்டை விட்டது நீ!”

“வாயை மூடுங்க ரெண்டு பேரும்!” மேடம் கேமராக்காரனை இழுத்துக்கொண்டு ஃபியூஸ் போடக் கீழே போனாள். ஹெட்போன் மாட்டிய சவுண்டுக்காரன் மட்டும் மூலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கரண்ட் வந்தது. அப்பா முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடப் பல்பு தெர்மகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் குந்தினான்.

“பேசுங்கப்பா. வாய் அசையும்போது நிழல் எங்க விழுதுன்னு பாக்கணும்.”

“பேசணுமா?”

“ஆமா, பேசுங்க.”

அப்பா குரல் வந்த பக்கம் திரும்பினார். “உன்னைப் போன்னு சொன்னது தப்புப்பா. நீ போனப்புறம் சாப்பாடே எறங்கல. உங்கம்மா உன்கூட போன்ல பேசும்போதெல்லாம் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருக்கேன்.”

பல்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேன்டீனில் மேடத்திடம் தான் மனம்விட்டு அழுத கதையை அப்படியே வசனமாக எழுதிவிட்டாளே, பாவி! இருக்கட்டும், அவளை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம்.

“‘சாப்பாடு’ங்கும்போது தலையைக் குனியாதீங்க. நெத்தி இருட்டாயிடுது. மறுபடி.”

அப்பா மறுபடி சொன்னார். குரல் உடைந்தது.

“கன்னத்துல என்னமோ மின்னுது, தொடச்சுக்கோங்க. இன்னொரு தடவை.”

துடைத்துக்கொண்டு ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். “போதும்ப்பா” என்றார்.

மேடம் திரும்பி வந்தாள். டேக் ஓடியது. அப்பா ஜன்னலோரம் வெறுமனே உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை வரவில்லை. பல்பு அட்டைக்குப் பின்னால் பல்லைக் கடித்தான்.

“கட்! பிரமாதம் அங்கிள்!”

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்பின் பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் கிளம்பட்டுமா?”

நாலு வார்த்தையும் நாக்கு நுனியில்தான் இருந்தன. இத்தனை பேர் முன்னால் எப்படிப் பேசுவது? வயரைச் சுற்றிக்கொண்டே நிமிராமல், “ம்” என்றான். அப்பா சற்று நின்றுவிட்டுப் படியிறங்கிப் போனார். போக விட்டிருக்கக் கூடாது என்று அப்போதே உறுத்தியது. அந்த எரிச்சலையெல்லாம் சவுண்டுக்காரனிடம் கொட்டினான்.

“என்னடா பெரிய பிரமாதம்? ஒத்திகையில அவ்வளவு அழகாப் பேசின மனுஷன் டேக்ல மொத்தத்தையும் மறந்துட்டாரு. அதுக்கு ஓகேயாம்!”

சவுண்டுக்காரன் ஹெட்போனைக் கழற்றினான். “என்னடா சொல்ற? இந்தப் படத்துல அப்பாவுக்கு வசனமே கிடையாதேடா.”