யார் வீடுன்னு பார்க்காதீங்க சார்

எனக்குப் பொறுமை என்பது சுத்தமாகக் கிடையாது. சிக்னலில் பச்சை விழுவதற்குள் ஹாரன் அடிக்கிற ரகம் நான். பால் பொங்கும்வரை அடுப்பு முன்னால் நிற்க முடியாமல் வேறு வேலைக்குப் போய், அது வழிந்த பிறகு வந்து அடுப்பைத் திட்டுவேன். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் செம்பாக்கத்தில், மழை பெய்தால் ஏரி எது தெரு எது என்று தெரியாத ஒரு சந்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

ஆபீஸ் ஓ.எம்.ஆரில். மேடவாக்கம் நெரிசலைக்கூட மன்னித்துவிடுவேன். அங்கே என்னோடு சேர்ந்து ஊரே நின்று தொலைக்கிறது. எங்கள் தெருவைத்தான் மன்னிக்க முடியவில்லை. பள்ளத்தில் இறங்கி, சேற்றில் நீந்தி, ஏழுமலை அண்ணன் வீட்டுப் படிகளைச் சுற்றி ஸ்கூட்டரை வளைத்து வெளியே வருவதற்குள் அன்றைய தெம்பு தீர்ந்துவிடும். ஏழுமலை அண்ணன் எதிர்வீட்டுக்காரர். ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர் வீடு உயரம், படிகள் பாதித் தெருவில். தினமும் அந்தப் படிகளை மனசுக்குள் இடித்துக்கொண்டேதான் வண்டியைத் திருப்புவேன்.

கல்யாணமாகி வந்த அதே வருஷம் வார்டில் ஏரியா சபைக் கூட்டம் போட்டார்கள். பேங்க் வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வுபெற்றிருந்த என் மாமனார், கூட்டம் என்றாலே சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் தொற்றிக்கொண்டேன்.

இன்ஜினீயர் நிதானமாக விளக்கினார் (கேட்கத்தான் எனக்கு நிதானம் இல்லை). எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகாலோடு சிமென்ட் ரோடு போடப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். ஆனால் வரைபடத்தில் இருக்கிற அகலம் தெருவில் இல்லை. எல்லோரும் முன்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டார்.

நான் எழுந்தேன். மாமா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். மருமகள் பேசப் போகிறாள் என்று மனுஷருக்கு அவ்வளவு பெருமை போல என்று நினைத்துக்கொண்டேன்.

“வரைபடத்துல எவ்ளோ இருக்கோ அவ்ளோ எடுத்துடுங்க. யார் வீடுன்னு பார்க்காதீங்க சார்.”

கைதட்டினார்கள். ஏழுமலை அண்ணன் தட்டவில்லை. மாமாவும் தட்டவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவும் பொறுமை வேண்டுமே.

அதோடு விட்டேனா? மார்ச்சில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபம் சேலையூரில் என்றாலும், சொந்தக்காரர்கள் எல்லாம் முந்தின நாளே வீட்டில் வந்து இறங்குவார்கள். மாமாவின் அக்கா, கும்பகோணத்துப் பெரியத்தை, என் கல்யாணத்துக்கு வந்தபோது இந்தத் தெருச் சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்து, அதை ஊர் முழுக்கச் சொன்னவர். அவர் வருவதற்குள் ரோடு பளபளக்க வேண்டும். புது மருமகள் கொண்டுவந்த ரோடு என்று நாலு பேர் பேச வேண்டும். இன்ஜினீயருக்கு விடாமல் போன் போட்டேன். நடுவே மாமா ஓரிரு முறை, “அந்த ரோடு விஷயமா ஒண்ணும்மா…” என்று ஆரம்பித்தார். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை முடிக்கவே விடவில்லை.

பொக்லைன் வந்தேவிட்டது. அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது. நீங்கள்தானே மேடம் தினமும் கேட்டீர்கள், அதனால் உங்கள் தெருவையே முதலில் எடுத்துவிட்டோம் என்றார் இன்ஜினீயர்.

முதலில் ஏழுமலை அண்ணனின் படிகள் போயின. அவர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி (சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் குஷிதான்). அடுத்து வண்டி எங்கள் கேட் பக்கம் திரும்பியது. மாமா தோளில் துண்டோடு பாய்ந்து வந்தார்.

“சார், அதுல மட்டும் கை வைக்காதீங்க.”

எங்கள் கேட்டுக்கு வெளியே டைல்ஸ் ஒட்டிய சரிவு ஒன்று உண்டு. மேலே குரோட்டன்ஸ் தொட்டிகள். அழகுக்கு வைத்தது என்றே நினைத்திருந்தேன். அதற்கு அடியில்தான் எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் இருக்கிறது என்பதை, அதன் மூடி உடைந்த சத்தத்தில் தெரிந்துகொண்டேன். சத்தத்தை அடுத்து வந்ததை எழுத வேண்டாம். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது.

இதை என்னிடம் சொல்லக் கூடாதா என்று என் கணவன் கார்த்தியைப் பிடித்துக்கொண்டேன்.

“உனக்குத் தெரியும்னு நினைச்சேன். அவ்ளோ தைரியமா பேசினியே” என்றான்.

புது டேங்க் காம்பவுண்டுக்கு உள்ளே கட்டும்வரை வீட்டு பாத்ரூமை யாரும் உபயோகிக்கக் கூடாது என்று இன்ஜினீயர் கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார். அதாவது, வீடு நிறைய விருந்தாளிகள், கக்கூஸ் கிடையாது, விடிந்தால் மாமாவுக்குக் கல்யாணம்.

அப்போதுதான் பெரியத்தை இரண்டாவது டம்ளர் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் சர்க்கரை வியாதிக்காரர். “ஏம்மா, இப்ப பாத்ரூமுக்கு எங்கே போறது?”

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. மாமா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தாம்பரம் ஸ்டேஷன், பெட்ரோல் பங்க், மண்டபத்தை இன்றைக்கே திறக்கச் சொல்வது என்று கார்த்தி யோசனைகளாகக் கொட்டினான். பெரியத்தையின் முகத்தைப் பார்த்தால் தெருமுனைகூடத் தாங்காது போலிருந்தது. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். எதிர்வீடு கண்ணெதிரே இருந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது?

கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏழுமலை அண்ணனே தெருவைத் தாண்டி வந்து நின்றார்.

“இன்னாமா, பெரியவங்கள வெச்சிகினு யோசிச்சிகினு கீற? நம்ம வூட்டு டேங்க் பின்னால தோட்டத்துல கீது. இட்டுனு வா.”

போனால், ஏறப் படி இல்லை. வாசல் இடுப்பு உயரத்தில் இருந்தது. நான் வாயாலேயே இடித்த படிகள் கீழே கல்லும் மண்ணுமாகக் கிடந்தன. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அத்தையை உட்காரவைத்து, ஒரு பக்கம் கார்த்தியும் மறுபக்கம் ஏழுமலை அண்ணனும் பல்லக்கு மாதிரித் தூக்கினார்கள். பட்டுப்புடவையோடு அந்தரத்தில் இருந்த அத்தை கேட்டார்: “இந்தப் படியை எந்தப் படுபாவிடா இடிச்சான்?”

ஏழுமலை அண்ணன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ரோடு போடறாங்கமா. நல்லதுதானே” என்றார். அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன். நாற்காலியின் பின்காலைப் பிடித்திருந்ததால் முடியவில்லை.

அன்று முழுக்க எங்கள் உறவுமுறை மொத்தமும் எதிர்வீட்டுக்கு நாற்காலி ஏறியது. நாலு பேர் முன்னால் பாத்ரூம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, “ஏழுமலை வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று பெரியத்தைதான் ஆரம்பித்துவைத்தார். மறுநாள் மண்டபத்தில், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாமா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, “ஏழுமலை வீட்டுக்குப் போகணுமேம்மா” என்றார். டேங்க் உடைந்ததிலிருந்து அவர் என்னிடம் பேசியது அப்போதுதான். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரோடு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர் நிற்பதில்லை. கார் நின்ற இடத்தில் புது டேங்க் கட்டியதால் கார்தான் தெருவில் நிற்கிறது (வரைபடத்தில் அதற்கு இடமில்லை, தயவுசெய்து யாரும் கூட்டத்தில் எழுந்து பேசிவிடாதீர்கள்). ஏழுமலை அண்ணன் படிகளைக் காம்பவுண்டுக்கு உள்ளேயே திருப்பிக் கட்டிக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் மட்டும் இன்றுவரை யாரும் பாத்ரூம் போவதில்லை. ‘வீட்டுக்கு’ என்பதும் நாளடைவில் தேய்ந்துபோய், “ஏழுமலை போயிட்டு வரேன்” என்றாகிவிட்டது. போன மாதம் என் பெண் எல்.கே.ஜி.யிலிருந்து நனைந்த யூனிஃபார்மோடு வந்தாள். பதறிப்போய் அவள் மிஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

“ஏழுமலை போகணும், ஏழுமலை போகணும்னு ஒரே அழுகை மேடம்” என்றார் அவர். “திருப்பதிக்கெல்லாம் லீவ்ல அம்மா அப்பாவோட போகலாம்டா, இப்ப உக்காருன்னு நான்தான் சொன்னேன்.”