மூன்றாம் வகுப்பு ஆராய்ச்சி அறிஞர்கள்

மனித குல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: ஒரு தொடக்கப்பள்ளிக்கு 'இணைய ஆய்வுத் தரவுத்தளம்' வருவதற்கு முன், வந்ததற்குப் பின். முன்னது இருண்ட காலம். எறும்புக்கு எத்தனை கால் என்று தெரிய வேண்டுமானால் ஒரு குழந்தை குனிந்து எறும்பைப் பார்க்க வேண்டிய அவல நிலை அன்று இருந்தது. பின்னதில் அந்தச் சிரமம் ஒழிந்தது. நாற்பது லட்சம் ஆய்வுக் கட்டுரைகள் குழந்தைகளின் விரல் நுனிக்கு வந்து சேர்ந்தன. விரல் நுனிதான் விசைப்பலகைக்கு எட்டவில்லை. ஆகவே நாற்காலிக்கு இரண்டு அகராதி வீதம் போட்டு, மேலே உட்கார வைத்தார்கள். பல வருடங்களாகச் சும்மா இருந்த அகராதிகளுக்கு அப்படித்தான் மறுபடியும் வேலை கிடைத்தது.

இந்த யுகப் புரட்சி மொத்தமும் ஒரே ஒருவர் தலையில் வந்து விடிந்தது. அவர் பள்ளியின் நூலகர். பிள்ளைகளுக்கு 'புக் மிஸ்'. பதினான்கு வருடமாக அந்த நூலக அறைதான் அவருக்கு உலகம். கிழிந்த பக்கங்களை ஒட்டிக்கொண்டு, சத்தம் போடும் பிள்ளைகளை "உஷ்" என்று அடக்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவரைத் தலைமையாசிரியர் அழைத்தார்.

"மிஸ், அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை தர ஆய்வுக் குழு வருது. நம்மள 'ஆராய்ச்சித் தொடக்கப்பள்ளி'ன்னு சான்றிதழ் குடுத்துட்டுப் போகணும்."

"குடுக்கலைன்னா, சார்?"

"லைப்ரரி ரூம்ல பந்து, வளையம் எல்லாம் போட்டு வச்சுக்கலாம்னு நிர்வாகத்துல ஒரு யோசனை இருக்கு. உங்கள கிளைப் பள்ளிக்கு மாத்திடுவாங்க. ரெண்டு பஸ் மாறிப் போகணும். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, எனக்கு எதுவும் ஆகாது."

தலைமைப் பண்பு என்பது இதுதான்.

மிஸ் களத்தில் இறங்கினார். மூன்றாம் வகுப்பில் முப்பத்தாறு ஆராய்ச்சியாளர்கள். பள்ளிக்குக் கடவுச்சொல் ஒன்று. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே நுழைய முடியும். எனவே ஆளுக்கு எழுபது வினாடி 'ஆய்வுக் காலம்' ஒதுக்கப்பட்டது. மிஸ் கையில் விசிலோடு நின்றார். ஊதினால் ஒரு அறிஞர் அகராதியிலிருந்து இறங்குவார். அடுத்த அறிஞர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏறுவார்.

முதல் நாளே ஒரு பையன் 'எறும்பு தூங்குமா' என்று தேடினான். பதினெட்டுப் பக்கக் கட்டுரை வந்தது. தலைப்பை அவன் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது.

"மிஸ், தூங்குமா தூங்காதா?"

மிஸ் கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தார். "மேலும் ஆய்வு தேவைன்னு போட்டிருக்குப்பா."

"அது எனக்கே தெரியுமே, மிஸ்."

ஆனாலும் மிஸ் சளைக்கவில்லை. பெரிய அட்டையில் மூன்று பொன்விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார். யார் எழுதியது என்று பார். எப்போது எழுதியது என்று பார். சந்தேகம் வந்தால் அந்த வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடு. பிள்ளைகள் இதைப் பாட்டாகவே பாடினார்கள். அதிலும் முதல் பெஞ்சில் ஒரு சுட்டிப் பெண். பள்ளியே அவளை 'ஆதாரம்' என்றுதான் கூப்பிட்டது. ஒரே வாரத்தில் அவளுடைய அம்மா நூலக வாசலில் வந்து நின்றார்.

"என்ன மிஸ் சொல்லிக் குடுக்குறீங்க? பல்லு விளக்குடின்னா, 'யாரு சொன்னது, எந்த வருஷம்'னு கேக்குறா."

"அது தகவல் மதிப்பீடும்மா."

"அதோட விட்டாளா? அவங்க அப்பா பெருமையா, 'உன் வயசுல நான்தான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்'னாரு. பரண்ல ஏறிப் பழைய மார்க் ஷீட்ட எடுத்துட்டு வந்துட்டா. மனுஷன் மூணு நாளா யாரோடயும் பேசல."

மிஸ் பதிவேட்டைத் திறந்து, 'திட்டத்தின் தாக்கம்: இல்லம் வரை சென்றடைந்துள்ளது' என்று குறித்துக்கொண்டார்.

குழு வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது தலைமையாசிரியர் மறுபடியும் அழைத்தார்.

"ஒரு வரவேற்புரை எழுதிக் குடுங்க, மிஸ். மூணு பக்கம் போதும். முழுக்க என் சொந்தச் சிந்தனையா இருக்கணும்."

"உங்க சிந்தனையா சார்?"

"ஆமா. நாளைக்குக் காலையில வேணும்."

முப்பத்தாறு பேருக்கு 'இளம் ஆய்வாளர்' அட்டை வெட்ட வேண்டும், வரைபடங்களை ஒட்ட வேண்டும், அகராதிகளைத் தூசு தட்ட வேண்டும். மிஸ்ஸுக்குக் கை இரண்டுதான். அறிவுக் கடலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தான் குளிக்க வேண்டுமா என்ன? கதவைச் சாத்திவிட்டுத் தரவுத்தளத்தில் 'தொடக்கப்பள்ளியில் ஆய்வு மனப்பான்மை' என்று தேடினார். முதலில் வந்த கட்டுரையே அற்புதமாக இருந்தது. முழுதாகப் படித்துப் பார்க்கத் தோன்றாத அளவுக்கு அற்புதம். பள்ளியின் பெயர் வந்த இரண்டு இடங்களில் மட்டும் மாற்றிவிட்டு அச்செடுத்தார். பதினோரு நிமிடத்தில் தலைமையாசிரியரின் சொந்தச் சிந்தனை தயார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேடையில் குழுத் தலைவர், பக்கத்தில் குறிப்பேட்டோடு அவருடைய உதவியாளர். பின்னால் பெரிய திரை, ஓரத்தில் அதோடு இணைத்த கணினி, அதன் முன் அகராதி போட்ட நாற்காலி. தலைமையாசிரியர் உரையைப் பிரித்தார். முதன்முறையாகப் படிப்பதால் குரலில் ஒரு புத்துணர்ச்சி இருந்தது.

"கேள்வி என்பது விதை, தேடல் என்பது நீர்!"

குழுத் தலைவர் பலமாகக் கைதட்டினார். உதவியாளரிடம் குனிந்து, "இதைக் குறிச்சுக்கோங்க. நல்ல வரி" என்றார்.

இரண்டாம் பக்கம் திரும்பியது.

"மாலை வேளைகளில் நம் பள்ளியின் நீச்சல் குளக்கரையில் தனியே அமர்ந்து, குழந்தைகளின் கேள்விகளைப் பற்றி நான் சிந்திப்பதுண்டு."

முப்பத்தாறு தலைகளும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பின. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம் இருந்தது. குழுத் தலைவர் அதற்கும் கைதட்டினார்.

உரை முடிந்ததும் அவர் எழுந்தார். "பிரமாதம். இப்ப ஒரு பிள்ளை வந்து ஏதாவது தேடிக் காட்டட்டும்."

மிஸ் வேறு யாரையாவது கூப்பிடுவதற்குள் 'ஆதாரம்' அகராதிகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா தேடப் போற?"

"ஹெச்.எம். சார் சொன்னத, சார். நம்ம ஸ்கூல்ல குளம் இல்ல. சந்தேகம் வந்தா மேற்கோள் குறிக்குள்ள போடணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

ஒற்றை விரலால் அவள் தட்டத் தட்ட, பெரிய திரையில் நீச்சல் குளம் எழுத்து எழுத்தாக நிரம்பியது. இணையம் அறுந்து தொலையாதா என்று மிஸ் வேண்டாத தெய்வமில்லை. அன்று பார்த்து அது அம்பாகப் பாய்ந்தது. ஒரே ஒரு கட்டுரை வந்தது. தலைமையாசிரியர் படித்த வாக்கியம் அதில் மஞ்சள் நிறத்தில் மின்னியது.

தலைமையாசிரியர் மிஸ்ஸைப் பார்த்த பார்வையில் இரண்டு பஸ்ஸும் தெரிந்தன.

"இப்ப யாரு எழுதினதுன்னு பாக்கணும்" என்று 'ஆதாரம்' மேலே நகர்த்தினாள். பெயரை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். அதே பெயர் மேடையில் நடு நாற்காலிக்கு முன்னால், மேசை அட்டையிலும் இருந்தது.

"சார், இது நீங்களா?"

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "ஆமா... நான் தலைமையாசிரியரா இருந்தப்ப எழுதினது. கேக்கும்போதே எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு."

தலைமையாசிரியர் விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவர். "ஐயாவோட கட்டுரைய ஐயா முன்னாலயே வாசிச்சு கௌரவப்படுத்தத்தான்..." என்று கும்பிட்டார்.

'ஆதாரம்' விடவில்லை. "அப்போ குளம் உங்க ஸ்கூல்லயா சார் இருந்துச்சு?"

"ஆமாம்மா. பெரிய குளம்" என்றார் குழுத் தலைவர். "அந்தச் சான்றிதழ எடுங்க, நேரமாச்சு." உதவியாளர் நீட்டியதும், படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார். பின்னாலேயே தலைமையாசிரியர் ஓடினார்.

நூலகம் பிழைத்தது. மிஸ்ஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மேசை அட்டையையும் குறிப்பேட்டையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்த உதவியாளரிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசினார்.

"ஐயா பழைய ஸ்கூல் ரொம்பப் பெரிசு போல."

"நான் அங்க பன்னெண்டு வருஷம் கிளார்க்கா இருந்தேன், மிஸ்" என்றார் உதவியாளர். "இந்த ஸ்கூலுக்குப் பாதிதான் இருக்கும்."

அங்கேயும் நீச்சல் குளம் கிடையாது.