ஒட்டுசுட்டானில் விழுந்த ரொக்கெற்

மாமனார் வீட்டில் ஒரு புது மருமகன் மூன்று காரியங்களுக்கு மட்டும்தான் வாயைத் திறக்கவேண்டும். சாப்பிட, கொட்டாவி விட, "காணும் மாமி, வயிறு நிறைஞ்சிட்டுது" என்று சொல்ல. நான் நாலாவதாக ஒரு காரியத்துக்குத் திறந்தேன். ரொக்கெற் பற்றிக் கதைக்க.

எனக்கு வவுனியாவில் வேலை. ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது. (பார்த்துக்கொள்வது என்றால், நின்றுபோனதை அணைத்துவிட்டு மறுபடி போடுவது.) ஆனால் மனம் முழுக்க வான்வெளியில் இருந்தது. எந்தக் கம்பனி எந்த ரொக்கெற்றை விடுகிறது, போனது திரும்பி வந்து செங்குத்தாக நின்றதா, கடலில் குப்புற விழுந்ததா என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கலியாணமான புதிதில், ஒரு ரொக்கெற்றின் அடிப்பாகம் கடலில் நின்ற தளத்தில் பூப்போல வந்து இறங்குகிற வீடியோவை மனைவி தர்சினிக்குக் காட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இறங்குது. நீங்கள் மோட்டச்சைக்கிளையும் இப்பிடி ஒழுங்கா நிப்பாட்டினால் நல்லம்," என்றாள்.

காலபோக அறுவடைக்கு நாங்கள் இருவரும் ஒட்டுசுட்டானுக்குப் போனோம். மாமாவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் காணி கிடைத்து அங்கே வந்தது. மாமா வயலைத் தவிர வேறொன்றையும் பற்றி அதிகம் பேசாதவர். மறுநாள் காலையில் அறுவடை மெசின் வருவதாக ஏற்பாடு. பின்னேரம் முற்றத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நெல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு மருமகனுக்கும் மதிப்பு வேண்டுமே? தொடங்கினேன்.

"மாமா, முந்தி அரசாங்கங்கள்தான் ரொக்கெற் விட்டது. இப்ப கம்பனிக்காரர் பஸ் விடுற மாதிரி விடுறாங்கள். செய்மதிகளை ஒரேயடியாக் கொத்துக் கொத்தாக் கொண்டுபோய் மேல விடுறாங்கள்."

மாமா கொஞ்சம் யோசித்தார். "அப்ப பழசுகள் எல்லாம் எங்க போறது தம்பி?"

யாரும் என்னிடம் இதுவரை கேட்காத அருமையான கேள்வி. உற்சாகம் தலைக்கேறியது.

"அதுதான் மாமா பிரச்சினை! கனக்க எரிஞ்சு போயிடும். சிலது எரியாமல் விழும். இப்பகூட ஒண்டு கட்டுப்பாடில்லாமல் சுத்திக்கொண்டிருக்கு எண்டு செய்தியில கிடக்கு. இந்து சமுத்திரப் பக்கமாத்தான் விழுமாம்."

"இந்து சமுத்திரம் எண்டால்?"

"எங்களைச் சுத்தி இருக்கிறதுதான் மாமா."

மாமி எழும்பி, கொடியில் காய்ந்த உடுப்புகளை எல்லாம் அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனா.

மறுநாள் காலையில் மெசின் வருமுன் வயலை ஒருமுறை பார்க்க மாமாவோடு நானும் தர்சினியும் போனோம். வயலின் கிழக்கு மூலையில், நிஸ்தார் நானாவின் வயலோடு ஒட்டிய வரம்புக்குப் பக்கத்தில், கொஞ்ச நெல் நசுங்கிக் கிடந்தது. நடுவில் சேற்றில் பாதி புதைந்து, மீதியிலும் அங்கங்கே சேறு அப்பி ஒரு பந்து. உதைபந்தை விடப் பெரிது. கறுப்பு நிறம். குச்சியால் தட்டினேன். 'டங்' என்றது. இரும்பு!

எனக்கு உடம்பு புல்லரித்தது. ரொக்கெற்றில் எரிபொருளை அழுத்தத்தில் வைத்திருக்கும் உருண்டைத் தாங்கிகள்தான் எரியாமல் தப்பிக் கீழே விழுபவை. உலகத்தில் எத்தனையோ வயல்களில் விழுந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது என் மாமனாரின் வயலில்!

"ஒருதரும் கிட்டப் போகாதேங்கோ!" என்று கத்தினேன்.

மாமாவும் தர்சினியும் ஏற்கெனவே இருபது அடி பின்னால் போயிருந்தார்கள். போர் நடந்த வன்னியில் வயலுக்குள் தெரியாத இரும்பைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

"குண்டோ தம்பி?" மாமாவின் குரல் இறங்கியிருந்தது.

"இல்லை மாமா. இது ரொக்கெற்றின்ர தாங்கி. பாருங்கோ, வளிமண்டலத்தில உராய்ஞ்சு கரிஞ்சிருக்கு. மேல ஒரு கொளுக்கி தெரியுதெல்லோ? அதிலதான் பூட்டியிருப்பாங்கள். ரெண்டு பக்கமும் ஒரேமாதிரி வளைஞ்சு ஒரு வெள்ளைக்கோடு போகுது பாருங்கோ. சூட்டில வந்த அடையாளம் அது. விழுந்த வேகத்தில பக்கத்தில பள்ளங்கூட விழுந்திருக்கு."

"அது ஆனைக் காலடியப்பா," என்றாள் தர்சினி.

"ஆனைக் காலடி இவ்வளவு வட்டமா இருக்குமோ?"

"ஆனைக் காலடி வட்டமாத்தான் இருக்கும்."

விஞ்ஞானத்தை எல்லாரும் எல்லா நேரமும் ஏற்றுக்கொள்வதில்லை.

மாமா பொலிசுக்கு அறிவித்தார். குண்டோ, ரொக்கெற்றோ, அவருக்கு அது வயலை விட்டுப் போகவேண்டும். நானும் என் பங்குக்கு, இணையத்தில் செய்தி போடும் ஒரு தம்பிக்கு அறிவித்தேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பொலிஸ் வந்து மஞ்சள் நாடா கட்டியது. குண்டு அகற்றுகிற ஆட்கள் வரும்வரை யாரும் வயலில் இறங்கக்கூடாது என்றார்கள். அந்த நேரம் பார்த்து அறுவடை மெசின் வந்தது. மெசின்கார அண்ணை நாடாவைப் பார்த்தார், பொலிசைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். தெற்குப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஐயா, என்னால நிண்டு மினக்கெட ஏலாது. தண்ணீரூற்றுப் பக்கம் ஒரு வயல் கிடக்கு. அதை வெட்டப் போறன். மழைக்கு முன்னம் அவையின்ரயாவது ஏறட்டும்."

மெசின் திரும்பிப் போனது. மாமா வரம்பில் குந்தியிருந்து ஒரு நெற்கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றிய நெல் மழையில் சாய்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்கே தெரியும். அவர் என்னை ஒருதரம் ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் கவலையும் நெடுநேரம் நிலைக்கவில்லை. சனம் வரத் தொடங்கிவிட்டது. சைக்கிளில், மோட்டார்சைக்கிளில், லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் குடும்பம் குடும்பமாக. பாட்டுப் போட்டுக்கொண்டு ஐஸ்கிறீம் வானும் வந்தது. ஊரே வந்து நிற்க, விளக்கம் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? செய்தித் தம்பி கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணை, நேரலையில நிக்கிறம். சொல்லுங்கோ," என்றான்.

சொன்னேன். தாங்கி பற்றிச் சொன்னேன். கரியைப் பற்றிச் சொன்னேன். பந்தின் ஓரத்தில் ஏதோ தெரியாத மொழியில் எழுத்துகள் பொறித்திருப்பதைச் சொல்லி, அது எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதை இப்போதைக்கு வெளியிட விரும்பவில்லை என்றேன். (எனக்கு அந்த எழுத்து எந்த மொழி என்றே தெரியாது.) அந்த வெள்ளைக்கோட்டைப் பற்றி மட்டும் நீண்ட நேரம் பேசினேன். "இவ்வளவு சமச்சீரான வளைவு இயற்கையா வராது. இது உயர்ந்த பொறியியல்," என்றேன்.

கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டா: "தம்பி, உதுக்குள்ள ஆள் இருக்குமோ?"

"இல்லையம்மா. ஆளில்லாத ரொக்கெற்."

"பாவம்," என்றா அவ. ஏன் பாவம் என்று இன்றுவரை விளங்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு குண்டு அகற்றுகிறவர்கள் வந்தார்கள். ஒருவர் தடித்த கவச உடுப்பும் முகக்கண்ணாடியும் போட்டு, அடிமேல் அடி வைத்துப் பந்தை நோக்கிப் போனார். எங்களை எல்லாம் வீதிக்கு ஏற்றிவிட்டார்கள். ஐஸ்கிறீம் வான் பாட்டை நிறுத்தியது. மாமி கையைக் கூப்பி ஒட்டுசுட்டான் சிவனைக் கூப்பிட்டா. என் நெஞ்சு அடித்த சத்தம் நேரலையிலும் கேட்டிருக்கும்.

அவர் குந்தினார். ஏதோ கருவியை வைத்துப் பார்த்தார். சேற்றைக் கையால் மெல்ல வழித்தார். பிறகு அப்படியே அசையாமல் இருந்தார். அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கத் தொடங்கின. ஐயோ, நச்சு வாயுவோ என்று நான் பயந்தேன்.

அவர் முகக்கண்ணாடியைக் கழற்றினார். சிரித்துக்கொண்டிருந்தார். பந்தை இரண்டு கையாலும் தூக்கி எங்கள் பக்கமாகத் திருப்பினார்.

அதில் ஒரு முகம் இருந்தது. இரண்டு பெரிய வெள்ளைக் கண்கள். ஈயென்று இளிக்கிற வாய் நிறையப் பல்லு. மூக்குக்குக் கீழே, இரண்டு பக்கமும் சமச்சீராக முறுக்கி மேலே ஏறிய வெள்ளை மீசை.

அப்போது வீதியில் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்தார் நிஸ்தார் நானா. முல்லைத்தீவுப் பஜாருக்குப் போயிருந்தவர், வயலில் கூட்டம் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்.

"அட! எங்கட வெருளிட தலை! இது இஞ்சயா கிடக்கு?"

பறவைகளை விரட்ட அவர் வயலில் நட்ட வெருளி அது. கடற்கரையில் ஒதுங்கிய இரும்பு மிதவை ஒன்றை அவருடைய மச்சான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பெரிய வலைகளில் கட்டுகிற மிதவை. அதற்குத் தார் பூசி, வெள்ளைப் பெயின்றால் முகம் வரைந்து, தடியில் ஏற்றியிருக்கிறார்.

"ராவு ஆனை வந்து வெருளியைப் பிடுங்கி எறிஞ்சு போட்டுது. உடம்பு கிடந்தது, தலையைக் காணேல்ல. விடியவே பஜாருக்குப் போகவேண்டி வந்திட்டுது, வந்து தேடுவம் எண்டு இருந்தன்," என்றவர், பொலிசையும் நாடாவையும் கவச உடுப்பையும் அப்போதுதான் கவனித்தார். "என்ன, என்ர தலைக்கு என்ன நடந்தது?"

பிறகு எழுந்த சிரிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது. பொலிஸ் அதிகாரி, ரொக்கெற் என்று சொன்னது யார் என்று கேட்டார். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கை நீட்டியது. மாமி மட்டும் நீட்டவில்லை. அவ தலையைக் குனிந்துகொண்டா. நேரலை இன்னும் போய்க்கொண்டிருந்தது. கனடாவிலிருந்து தர்சினியின் சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்கு அங்கே அகாலம். ஆனாலும் முழித்திருந்து பார்த்திருக்கிறார். பேச முடியாமல் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு அந்தச் சிரிப்பெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. கறுத்த வானத்துக்குக் கீழே வெட்டாமல் நின்ற நெல்தான் தெரிந்தது. மாமாவிடம் போனேன். "மாமா, என்னால..." என்று தொடங்கினேன்.

அந்த நேரத்தில் வீதியில் கடகடவென்று சத்தம். அறுவடை மெசின்! ஓட்டிவந்த அண்ணை இறங்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அங்க வெட்டி முடிச்சிட்டு ஃபோனைப் பாக்கிறன், இவர் வெருளியின்ர மீசைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிக்கிறார்! நேரில ஒரு படம் எடுக்காமல் போனால் எனக்கு நித்திரை வராது. அதுதான் வந்தனான்."

மாமா வரம்பிலிருந்து எழும்பினார். "படம் பேந்து எடுக்கலாம் அண்ணை. வந்தது வந்திட்டியள், வயலில இறக்குங்கோ."

அவர் மறுக்க வழியில்லை. நாடாவை அவிழ்த்துவிட்டார்கள். மெசின் வயலில் இறங்கியது. ரொக்கெற் பார்க்க வந்து ஏமாந்த சனம் சும்மா நிற்குமா? சாக்குப் பிடிக்கச் சிலர், கட்டச் சிலர், சுமக்கச் சிலர். நிஸ்தார் நானா தன் லாண்ட்மாஸ்ரரைக் கொண்டுவந்தார். செய்தித் தம்பிகூட கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு மூட்டை தூக்கினான். நானும் தூக்கினேன். முதல் மூட்டையோடு வரம்பில் வழுக்கி விழுந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். அன்றைக்கு அதுவெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

கடைசி மூட்டை வீட்டு விறாந்தையில் ஏறியபோது முதல் துளி விழுந்தது. பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. மாமா ஈரத் துவாயால் தலையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"வேறை நாளெண்டால் இவ்வளவு சனம் உதவிக்கு வந்திருக்குமோ தம்பி?" என்றார். பிறகு சிரித்தார். கலியாணம் ஆனதிலிருந்து அவர் எனக்கு முன்னால் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இது நடந்து மூன்று போகம் ஆகிவிட்டது. மாமி உடுப்புக் காயப்போடும்போது இன்றைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போடுவா. முற்றத்தில் தேங்காய் விழுந்தால், எந்தக் கம்பனி என்று மாமா கேட்பார். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கொடுமை வீதியில் நடந்தது. எங்கள் ஊரில் மரத்தை வைத்து இடத்துக்குப் பெயர் சொல்வார்கள்: புளியடி, ஆலடி என்று. அந்த வயலுக்கு முன்னால் பஸ் நிற்கும் இடத்துக்கு முன்பு பெயர் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. ரொக்கெற்றடி.

போன மாதம் வவுனியாவிலிருந்து நானும் தர்சினியும் பஸ்ஸில் வந்தோம். புளியங்குளத்தில் ஏறிய ஒரு பிள்ளை எங்களுக்குப் பக்கத்தில் இருந்தா. எங்கேயோ வெளியிலிருந்து புதிதாக மாற்றலாகி வருகிற ஆசிரியை. ஒட்டுசுட்டானை நெருங்கியதும் நடத்துநர், "ரொக்கெற்றடி இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ!" என்று கத்தினார். நாங்கள் எழும்பினோம். அந்தப் பிள்ளை ஆச்சரியத்தோடு தர்சினியைப் பார்த்துக் கேட்டா:

"அக்கா, இஞ்ச உண்மையாவே ரொக்கெற் விழுந்ததோ?"

நான் வெளியே வயலைப் பார்ப்பதுபோல் நின்றேன். தர்சினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறுதலாகச் சொன்னாள்:

"ரொக்கெற் இல்லைத் தங்கச்சி. விழுந்தது இவர்தான். ஆனால் காயம் ஒண்டும் இல்லை."