மூன்று முறை முந்திய வாழையிலைக் கட்டு

காலை மணி எட்டு பன்னிரண்டு. முதலில் கண்ணில் பட்டது, எங்கள் பிக்கப்பை முந்திக்கொண்டு போன ஒரு சைக்கிள். கேரியரில் பெரிய வாழையிலைக் கட்டு. ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நீலக் கட்டம் போட்ட கைலி. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி அப்போது மூன்றாவது கியரில் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்திரிகையில் வேலை பார்த்தபோது மூன்று ஆண்டுகள் வாகனக் கேள்வி-பதில் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. பதில் எழுதியவர் ஒரு மெக்கானிக். கிரீஸ் கறை படிந்த தாள்களில் எழுதி அனுப்புவார். நான் ஒற்றுப்பிழை திருத்துவேன். மூன்று ஆண்டுகளும் ‘இன்ஜெக்டர்’ என்ற சொல் ஒரே மாதிரி அச்சானதற்கு நானே காரணம். அதைத் தவிர எஞ்சினுக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் மாமனார் வீட்டில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபைல் போட்டு வைத்திருந்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. (மாப்பிள்ளைக்கு ஏதோ ஒண்ணு தெரியும்னு ஒரு வீடு நம்புது. அதை எதுக்குக் கெடுப்பானேன்?)

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆவூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கை பிலோமினாவின் மகள் ஜெனிக்குப் புதுநன்மை, அதாவது தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பத்தேகாலுக்குப் பூசை. புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கு வெள்ளை கவுன், முக்காடு, பூக்கிரீடம், மெழுகுவத்தி எல்லாம் தாய்மாமன் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். கவுன் வராவிட்டால் பிள்ளை பவனியில் நிற்க முடியாது. அந்தக் கவுன் முக்காடு, கிரீடத்தோடு ஓர் அட்டைப்பெட்டிக்குள், என் மனைவி ஸ்டெல்லாவின் மடியில் இருந்தது. ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வண்டியின் பின்பக்கத்தில் மற்ற சீர்: ஓர் இரும்பு பீரோ, படிக்கிற மேசை, வளர்ந்த பிறகும் ஓட்டட்டும் என்று பெரிய அளவில் எடுத்த லேடீஸ் சைக்கிள், இரண்டு பழக்கூடை, ஒரு மூட்டை அரிசி.

வண்டியும் ஓட்டுநரும் ஸ்டெல்லாவின் தம்பி அந்தோணியின் உபயம். அதாவது வண்டி அவனுடையது, ஓட்டியதும் அவன். புதுக்கோட்டை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் பழைய டீசல் பிக்கப்.

“மச்சான், மிஸ் அடிக்குதுங்க,” என்றான் அந்தோணி. அதற்குள் வண்டி மூன்று முறை இருமிவிட்டு ஒரு புளியமரத்தடியில் நின்றது. “நல்லவேளை, நீங்க இருக்கீங்க.”

நான் இறங்கினேன். பானட்டைத் திறக்கச் சொன்னேன். (எங்கே திறப்பது என்று தெரியாததால்தான் சொன்னேன்.) எஞ்சினை அமைதியாகப் பார்த்தேன். என் கேள்வி-பதில் பக்கத்தில் அடிக்கடி வந்த ஒரு பதில் நினைவுக்கு வந்தது. “ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு மாப்ள.”

அதைக் கழற்றிப் புளியமரத்தில் நாற்பது தட்டுத் தட்டினேன். புழுதி வந்தது. அந்தோணி இதற்கிடையே டீசல் இருக்கிறதா என்று பார்க்க டேங்கைத் திறந்து குச்சியை விட்டான். டேங்க் மூடி எப்போதோ தொலைந்துபோய், டேங்க் வாயை நெகிழித்தாளால் மூடிச் சைக்கிள் டியூபால் கட்டியிருந்தது. அவன் கட்டை அவிழ்த்தபோது ‘உஸ்’ என்று ஒரு சத்தம். (பாம்புன்னு நினைச்சு ரெண்டடி தள்ளி நின்னேன்.) பாதி டேங்க் டீசல் இருந்தது. டியூபை நானே மறுபடி இறுக்கிக் கட்டினேன். ஸ்டார்ட் பண்ணினான். வண்டி கும்மென்று கிளம்பியது.

“கை பட்டதுமே ஓடுது பாருக்கா,” என்றான் அந்தோணி. ஸ்டெல்லா மணி பார்த்தாள்.

சற்று நேரத்தில் வாழையிலைச் சைக்கிளை முந்தினோம். நான் ஜன்னல் வழியாகக் கையசைத்தேன். அந்தக் கையசைப்பு தேவையில்லாதது.

எட்டே முக்காலுக்கு வண்டி மறுபடி இருமியது. பிலோமினா போனில் வந்தாள். “அண்ணே, எங்கிட்டு வாரீங்க?”

“சித்தன்னவாசல் ரோடு பிரியிற விலக்கைத் தாண்டிட்டோம்மா,” என்றேன். அது உண்மை. தாண்டி நெடுநேரம் ஆகியிருந்தது.

இந்த முறை என் தீர்ப்பு: டீசலில் தண்ணீர். ஃபில்டரின் அடியில் இருந்த திருகைத் திறந்து ஒரு டம்ளர் டீசலை வடித்தேன். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. “நுண்ணிய அளவுல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது,” என்று விளக்கினேன். அந்தோணி எதற்கும் டேங்கிலும் பார்த்துவிடுகிறேன் என்று போனான். மறுபடி அந்த உஸ். மறுபடி குச்சி. மறுபடி என் முடிச்சு, இந்தத் தடவை இன்னும் இரண்டு சுற்று அதிகமாக. இதற்குள் வாழையிலைக் கட்டு எங்களை இரண்டாம் முறை கடந்து போயிருந்தது. பிறகு வண்டி கிளம்பியது, அதுவும் அருமையாக.

“ரெண்டாவது வியாதியும் சரியாப்போச்சு,” என்றான் அந்தோணி. எனக்கே என்மீது ஒரு மரியாதை வந்தது. சைக்கிளை மறுபடி முந்தினோம். இந்த முறை கையசைக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒன்பது இருபத்தைந்துக்கு வண்டி மூன்றாம் முறை நின்றது. கோயிலுக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். பஸ் போய்விட்டது. கடந்த இரண்டு டூவீலர்களிலும் மூன்று மூன்று பேர். அந்தோணி முகம் வாடிப்போயிருந்தது.

ஸ்டெல்லா கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் வந்த வாழையிலைச் சைக்கிளை, ரோட்டின் நடுவில் நின்று மறித்தாள்.

“அண்ணே, எங்கிட்டு போறீங்க?”

“புதுநன்மை வீட்டுக்குத்தான் ஆத்தா. பிலோமினா வீட்டுப் பந்திக்கு எலை.”

“அந்தப் பிள்ளையோட கவுன் இது. பத்துக்குள்ள கோயில்ல குடுத்துருவீங்களா?”

அவர் பெட்டியையும் பார்த்தார், பானட்டுக்குள் தலை விட்டிருந்த என்னையும் பார்த்தார். “எட்டு மணியிலேருந்து உங்க வண்டியப் பாத்துக்கிட்டேதான் வாரேன். குடுங்க, அதுக்கு என் சைக்கிளே மேலு.”

கவுன் பெட்டி இலைக்கட்டின் மேல் ஏறியது. மெழுகுவத்தியை அவர் சட்டைக்குள் செருகிக்கொண்டார். சைக்கிள் மூன்றாம் முறையாக எங்களைக் கடந்து போனது.

என் மானம் இப்போது முழுக்க எஞ்சினுக்குள் இருந்தது. என் பக்கத்தில் ஒருமுறை அச்சான சோதனை நினைவுக்கு வந்தது: எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, சத்தத்தைக் கவனிக்க வேண்டும். அந்தோணி டேங்கைத் திறந்து பார்த்து, மூடி, ஸ்டார்ட் பண்ணினான். நான் ஸ்பானரை வாங்கினேன். முதல் நட்டு: டீசல் பீய்ச்சியடித்தது, சத்தம் மாறியது. இரண்டாவது: மாறியது. மூன்றாவது, நான்காவது: மாறியது. என் வெள்ளைச் சட்டை இலங்கை வரைபடம் போல ஆகியிருந்தது.

“நாலு சிலிண்டருமே போச்சு மாப்ள,” என்று அறிவித்தேன்.

அந்தோணி தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த வண்டிதான் அவன் பிழைப்பு.

(என் பக்கத்தில் வந்திருந்தது இதற்கு நேர்மாறு: எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ, அதுதான் கெட்டுப்போன சிலிண்டர். நாலும் நல்லா இருக்குன்னு நானே நிரூபிச்சிருக்கேன். அந்தப் பதிலுக்கு மெய்ப்புப் பார்த்ததும் நான்தான்.)

“போதும், கொஞ்சம் இங்க பாருங்க,” என்றாள் ஸ்டெல்லா. வகுப்பில் பேசுகிற குரல். “மொதல்ல ஃபில்டரைத் தட்டுனீங்க, ஓடுச்சு. அப்புறம் டீசலை வடிச்சீங்க, ஓடுச்சு. இப்ப ஒண்ணுமே செய்யிறதுக்கு முந்தியே ஸ்டார்ட் ஆயிருச்சு. மூணு தடவையும் பொதுவா நடந்தது ஒண்ணே ஒண்ணுதான். அந்தோணி டேங்கைத் தெறந்தான்.”

நாங்கள் இருவரும் டேங்கைப் பார்த்தோம்.

“டீசல் கொறையக் கொறைய உள்ள காத்து போகணும்ல? காத்து போக வழி எங்க இருக்கு? அந்த உஸ்ஸு என்ன, பாம்பா?”

நான் ஸ்பானரைத் துடைத்தேன்.

“இத இப்படி யாருடா கட்டுனது?” என்று தம்பியைக் கேட்டாள்.

அந்தோணி நல்ல பிள்ளை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “முன்னாடி துணிதான்க்கா அடைச்சிருந்தேன். மழைத்தண்ணி எறங்கும், மிஸ்ஸிங் வரும்னு போன வாரம் மச்சான்தான் கட்டிக் குடுத்தாங்க. காத்துகூட உள்ள போகாதுன்னு சொன்னாங்க.”

ஸ்டெல்லா புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நெகிழித்தாளில் மூன்று குத்துக் குத்தினாள். நான் தளர்த்திவைத்த நட்டுகளை அந்தோணி இறுக்கி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதன் பிறகு வண்டி ஒருமுறைகூட இருமவில்லை.

கோயில் வாசலுக்குப் போனபோது மணி பத்து நாற்பது. பூசை நடந்துகொண்டிருந்தது. ஜெனி முதல் வரிசையில் வெள்ளை கவுனில், கிரீடத்தோடு நின்றாள். டீசல் வாசனையோடு உள்ளே போகாமல் நான் கடைசித் தூணுக்கு வெளியே நின்றேன். பிலோமினா எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் சட்டையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “கவுன் வந்துருச்சுண்ணே. நீங்கதான் வரல.”

பூசைக்கு முன்பே படம் எடுத்துவிட்டார்கள். “தாய்மாமன் வந்து நில்லுங்க” என்று போட்டோகிராபர் கூப்பிட்டிருக்கிறார். கவுனைக் கொண்டுவந்தவர்தானே தாய்மாமன் என்று யாரோ இலைக்காரரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். இன்றும் தங்கை வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. ஜெனிக்குப் பக்கத்தில் நீலக் கட்டம் போட்ட கைலியில், மெழுகுவத்தியைப் பிடித்தபடி, சவரிமுத்து நிற்கிறார். அந்தச் சைக்கிள்காரர்தான். ஜெனி அவரை எலை மாமா என்கிறாள். என்னைக் காத்து மாமா என்கிறாள். எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் பிலோமினா போன் பண்ணிக் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, விலக்கைத் தாண்டிட்டீங்களா?”

பந்தி முடிந்து சீர்ப் பொருள்களை இறக்கியபோது சவரிமுத்துவும் கைகொடுத்தார். பீரோவுக்குப் பின்னால் இருந்த ஜெனியின் புதுச் சைக்கிளை அவர்தான் இறக்கினார். நெகிழி உறையைப் பிரித்து, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இரண்டு டயரையும் விரலால் அமுக்கிப் பார்த்தார். காற்று நிறைய இருந்தது. “இது காலையிலேருந்து வண்டியிலேயேவா இருந்துச்சு?” என்றார்.