கடைசியில் ஒரு சைபர்

சிதம்பரம் கிளையில் ஸ்டிக்கர் வரவில்லை என்று காலை ஏழு மணிக்கே போன். செம்மண்டலத்து வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்த செம்பியனுக்கு எரிச்சல். "ஷாலினி வேலைய விட்டுப் போயி ஒரு மாசமா நல்லாத்தானே ஓடுச்சு?" என்றான். "நேர்ல வாங்க சார்" என்று போனை வைத்தாள் அந்தக் கிளையின் ரிசப்ஷன் லோகநாயகி.

அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தின் கடலூர் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களுக்கு அவன்தான் பொறுப்பு. கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் சேர்க்கும்போது சப்நெட் மாஸ்க் என்று கேட்ட இடத்திலெல்லாம் பன்னிரண்டு வருடமாக 255.255.255.0 என்றே அடித்து வந்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவனும்தான். சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்ட மேரி ஷாலினி மட்டும் கடைசி எண்ணை 128 என்று வைத்தாள். கிளை முழுக்கக் கேட்க, ஸ்பீக்கர் போனில் அரை மணி நேரம் திட்டினான். மறுநாள் அவள் ராஜினாமா செய்தாள். தினமும் கம்ப்யூட்டரைப் போட்டதும் சைபர் தானாக வந்து உட்காரும்படி கடலூரிலிருந்தே ஏற்பாடு செய்துவிட்டு, மேனேஜரிடம் பெருமையும் அடித்துக்கொண்டான்.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பதினைந்து பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். பெயர் போட்ட ஸ்டிக்கர் வந்தால்தான் இரத்தம் எடுக்க முடியும். செம்பியன் பிரிண்டருக்கும் சைபர் வைத்தான். வரவில்லை. ரூட்டரில் கை வைத்தான். பில் போடுவதும் நின்றது. இன்னொன்றை மாற்றினான், கேமராவும் படுத்துவிட்டது.

கீரப்பாளையம் சுப்புராயன் சர்க்கரைக்காரர். கை நடுங்குது தம்பி, ஒரு டீயாவது குடிச்சுக்கட்டுமா என்று கேட்டார்.

"குடிச்சா டெஸ்ட்டு போச்சு மாமா. அஞ்சே நிமிஷம்."

அந்த அஞ்சு நிமிஷம் பத்தரை வரைக்கும் நீண்டது. சுப்புராயன் எழுந்து எதிர்க்கடைக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

வேறு வழியில்லாமல், அங்கே நெட்வொர்க் போட்டுக் கொடுத்த கம்பெனி ஆளுக்குப் போன் போட்டான்.

"அங்க ரெண்டு தெரு சார். கம்ப்யூட்டர் ஒரு தெரு, பிரிண்டர் பக்கத்துத் தெரு. எதுவரைக்கும் நம்ம தெருன்னு மாஸ்க்தான் சொல்லும். சைபர் போட்டா ரெண்டும் ஒரே தெருன்னு நெனச்சு, வாசல்ல நின்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கும். 128 போட்டா, வேற தெருன்னு தெரிஞ்சு ரூட்டர்கிட்ட குடுத்தனுப்பும்."

செம்பியன் கலைத்ததையெல்லாம் பழையபடி வைத்துவிட்டு 128 அடித்தான். சுப்புராயன் பெயர் போட்ட ஸ்டிக்கர் உடனே வந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை.

அதைப் பிரித்துக் கையில் எடுத்துக்கொண்டான். அவமானமாக இருந்தது. வேலை தெரிந்த பெண்ணை இத்தனை பேர் கேட்கத் திட்டித் துரத்தினோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஷாலினி நம்பர் குடுங்கக்கா. மன்னிப்பு கேட்டு, கையோட வேலைக்குக் கூப்புடுறேன். ஒண்ணுதான் புரியல. ஒரு மாசம் சைபர்ல எப்படி ஓடுச்சு?"

லோகநாயகி ஸ்டிக்கரை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"எங்க சார் ஓடுச்சு? பரங்கிப்பேட்டையிலேந்து தினம் இங்க வேலை தேடி வர்ற ஷாலினிதான், வெறும் வயித்துக்காரங்க காத்திருக்கக் கூடாதுன்னு ஆறரைக்கே நம்ம கிளைக்கு வந்து 128 போட்டுட்டுப் போவும். இன்னிக்குத்தான் அது வேற எடத்துல வேலைக்குச் சேந்துடுச்சு."